மூணாவது தரம்

தண்டையார்பேட்டை, மாநகராட்சி சமுதாயக்கூடம்.
செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணி.
சரிவுப்பாதையில் யாரோ நிறுத்திய புல்லட்டை
வாட்ச்மேன் வந்து நகர்த்தும்வரை வெளியே நிற்போம்.
நிற்போம் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.

உள்ளே, ஏதோ கல்யாணத்துக்கு வந்து
திரும்பிப் போகாத சிவப்பு நாற்காலிகள் எட்டு.
ஒன்பதாவது, சக்கரம் வைத்தது, என்னுடையது.
பிளாஸ்டிக் கைப்பிடிகளை ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள்,
தோள் சுற்ற இடம் வேண்டுமே.
ரெபேக்கா காலிப்பரைக் கழற்றிச் சுவரில் சாய்ப்பாள்.
வகுப்பு முடியும்வரை
எங்களில் நிமிர்ந்து நிற்பது அது ஒன்றுதான்.
யூசுப் பாய்க்கு வலது கால்
கொருக்குப்பேட்டை கேட்டோடு போயிற்று.
"வலது காலைத் தூக்குங்க" என்றால்
லுங்கி மடிப்பைத் தட்டிவிட்டு
முதல் ஆளாக "தூக்கியாச்சு" என்பார்.

நான் காசிமேட்டில் ஏலம் கூவியவன்.
கூடையைச் சாய்க்கும்போதே எடை சொல்வேன்.
எத்தனை நாள் ஐஸில் கிடந்ததென்று
செவுளைத் தொடாமல் சொல்வேன்.
பதினெட்டு வருஷம்.
அப்புறம் ஒரு விடியற்காலை
மினிலாரியிலிருந்து சரிந்த ஐஸ் பெட்டிகள்
என் முதுகை எடுத்துக்கொண்டன.
பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து
சுத்தியால் தட்டி, ஊசியால் குத்தி,
எழுபத்தைந்து சதவீதம் என்று எழுதினார்கள்.
வாய்வரை வந்தது:
யார் கேட்ட விலை சார் இது?
மேலே கேட்க ஆளே இல்லையா?

பயிற்சி கொடுக்கும் இன்பரசிக்கு
எல்லாம் வரும், எண்ண மட்டும் வராது.
ஆறு சொல்லி, பேச்சு சுவாரசியத்தில்
திரும்ப நாலுக்குப் போய்விடுவாள்.
"அண்ணே, நீங்க எண்ணுங்க. குரல் இருக்கில்ல."
எட்டுவரை எண்ணுகிற பழக்கம் எனக்கு ஏது?
"ஒரு தரம்" என்றேன்.
மணல் அடைத்த தண்ணீர் பாட்டில்கள்
தோளுக்கு மேல் ஏறின.
"ரெண்டு தரம்."
மணிக்கட்டுகளுக்கிடையே சைக்கிள் டியூப் இழுபட்டது.
அடுத்தது வாயில் வரவில்லை.
சொன்னால் கூடை கை மாறிவிடும்,
சொன்னால் எல்லோரும் கலைந்து போகலாம்.
"இன்னொரு தரம்" என்றேன்.
பாய் என்னை ஒரு வசவு வைதுவிட்டுத் தூக்கினார்.

ஏழு மாதம் இப்படியே போனது.
நடுவில் ஒருநாள் ராத்திரி
நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு
என் கையூன்றி நானே மாறினேன்.
தெய்வானை பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"என் இடுப்பு தப்பிச்சுது" என்று
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
வெகுநேரம் தூங்கவில்லை, அவளும்.

தவமணியைப் பற்றிச் சொல்லவில்லையே.
பிறந்ததிலிருந்தே கைகள் அவள் பேச்சைக் கேட்பதில்லை.
மேலே என்றால் பக்கவாட்டில் போகும்,
பக்கத்திலிருப்பவர் மூக்கையும் பார்த்துவிட்டு வரும்.
சொல்லும் அப்படித்தான்,
மின்ட் தெருவில் மாட்டிய வண்டி மாதிரி
நின்று நின்று வரும்.

போன வெள்ளிக்கிழமை
நான் "ரெண்டு தரம்" என்று நிறுத்தியபோது
அவள் வாயைத் திறந்தாள்.
ம்...
வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது.
என்ன வரப்போகிறதென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.
யாரும் கையை இறக்கவில்லை.
மூ...
ரெபேக்காவின் முழங்கை நடுங்கியது.
என் தோளில் யாரோ ஆணி அடித்தார்கள்.
இன்பரசி கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க
ஃபேனைப் பார்த்தாள்.
மூ... ணு.
"இன்னும் 'தரம்' பாக்கி இருக்கும்மா"
என்று பல்லைக் கடித்தார் பாய்.
சிரித்தால் கை விழுந்துவிடும்,
சிரிக்காமல் பிடித்துக்கொண்டோம்.

வந்தது.
தரையில் பாட்டில்கள் மடமடவென்று இறங்கின.
ஒன்று உருண்டு வாசல்வரை போனது.
யார் எடுத்தது, என்ன விலைக்கு,
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
வெளியே, சரிவுப்பாதையில்,
மறுபடியும் யாரோ புல்லட்டுக்கு ஸ்டாண்டு போட்டார்கள்.